“ஹலோ… கேக்குதா?” – ப்ளூடூத் ஹெட்செட் கோளாறுகள்: எதைச் சரிசெய்யலாம், எதற்குப் புதிது வாங்கலாம்

ஹெட்செட்டின் பாதி வேலை நம் காதில் நடக்கிறது. மீதிப் பாதி எதிர்முனையில் இருப்பவர் காதில் நடக்கிறது, அதை நாம் கேட்பதே இல்லை. கடையில் காதில் மாட்டி, ஒரு பாட்டைப் போட்டு, “பேஸ் நல்லா இருக்கே” என்று வாங்கிவிடுகிறோம். திங்கட்கிழமை வாடிக்கையாளர் “சார், ஒண்ணுமே புரியல, அப்புறம் கூப்பிடுங்க” என்று வைத்துவிடுகிறார். வேலைக்கான ஹெட்செட்டை எதிராளியின் காதை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

அதற்காக உடனே புதிது வாங்கக் கிளம்ப வேண்டாம். கீழே உள்ள கோளாறுகளில் பல, செட்டிங்ஸை மாற்றினாலோ போனை வேறு பையில் வைத்தாலோ தீர்ந்துவிடும். சிலவற்றுக்கு மட்டும் வேறு ஹெட்செட்தான் வழி. உங்கள் கோளாறு எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்து வரும் சோதனையை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

முதலில்: குற்றவாளி ஹெட்செட்தானா?

நண்பர் ஒருவரைச் சற்று நேரம் பிடித்து வையுங்கள். ஒரே இடத்தில் நின்றுகொண்டு, முதலில் ஹெட்செட் இல்லாமல் போனைக் காதில் வைத்துப் பேசுங்கள். பிறகு ஹெட்செட்டில் அதே சிம் அழைப்பு. பிறகு ஹெட்செட்டிலேயே வாட்ஸ்அப் அழைப்பு. ஒவ்வொன்றிலும் அவருக்கு எப்படிக் கேட்டது என்று சொல்லச் சொல்லுங்கள்.

போனைக் காதில் வைத்தாலும் மோசம் என்றால், ஹெட்செட்டின் மேல் பழி போடாதீர்கள், சிக்னல்தான் காரணம். ஓ.எம்.ஆர். பக்கத்துக் கண்ணாடிக் கட்டடங்களில் இது சாதாரணம். வெப்பத்தைத் தடுக்கப் பூசும் உலோகப் பூச்சு ரேடியோ அலையையும் தடுக்கும். போன் செட்டிங்ஸில் வைஃபை காலிங்கை இயக்கினால் சிம் அழைப்பே அலுவலக வைஃபை வழியாகப் போகும். 4ஜி வழியாகவே குரலை அனுப்பும் வோல்ட்இ-யும் இயங்குகிறதா என்று பாருங்கள். பழைய 2ஜி அழைப்பில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் குரல் போகும், வோல்ட்இ-யின் எச்.டி. குரலில் அது 50 முதல் 7000 வரை விரியும். ‘ச’வும் ‘ஃப’வும் தெளிவாகக் கேட்பது இந்த மேல்பகுதியில்தான்.

வாட்ஸ்அப்பில் மட்டும் மோசம் என்றால் டேட்டா இணைப்பைப் பாருங்கள். லேப்டாப்பில் மட்டும் மோசம் என்றால் கீழே அதற்கென்று ஒரு பகுதி இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: போனில் இருக்கும் வாய்ஸ் ரெக்கார்டரில் பேசிப் பதிந்து “நல்லாத்தானே இருக்கு” என்று முடிவு கட்டாதீர்கள். பல ஆண்ட்ராய்டு ரெக்கார்டர்கள் ஹெட்செட் மாட்டியிருந்தாலும் போனின் மைக்கிலிருந்துதான் பதியும். லேப்டாப்பில் என்றால் டீம்ஸின் டெஸ்ட் கால் வசதி நம்பகமானது. நீங்கள் பேசியதை உங்களுக்கே திருப்பிப் போட்டுக் காட்டும்.

“கிணத்துக்குள்ளேர்ந்து பேசுற மாதிரி இருக்கு”

எதிராளி இப்படிச் சொன்னால் மைக் உங்கள் வாயிலிருந்து தூரத்தில் இருக்கிறது. அல்லது நீங்கள் நினைக்கும் மைக் வேலை செய்யவில்லை, வேறு ஏதோ மைக் எடுத்துக்கொண்டிருக்கிறது.

லேப்டாப்பில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இரண்டாவதை. காதில் ஹெட்செட் இருக்கும், சத்தம் அதில் வரும், ஆனால் மைக் மட்டும் லேப்டாப்பின் திரை மேல் இருப்பதாகவே நிற்கும். ஜூம், டீம்ஸ், மீட் எல்லாவற்றிலும் ஆடியோ செட்டிங்ஸ் தனியாக இருக்கிறது, விண்டோஸில் மாற்றியது அங்கே மாறியிருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எந்த மைக் என்று கண்டுபிடிக்க எளிய வழி: பேசிக்கொண்டே ஹெட்செட்டின் மைக் பக்கத்தை நகத்தால் லேசாகத் தட்டுங்கள். எதிராளிக்கு டொக்டொக் என்று கேட்டால் அதுதான் மைக். கேட்கவில்லை என்றால் லேப்டாப்பின் மூடியைத் தட்டிப் பாருங்கள்.

சரியான மைக்தான், இருந்தும் தூரமாகக் கேட்கிறது என்றால் கணக்கு எளிது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும், சுற்றியுள்ள இரைச்சலோ குறையாது. உதட்டோரத்தில் 3 சென்டிமீட்டரில் மைக் கம்பி நிற்கும் ஹெட்செட்டையும், காதுக்குள் உட்கார்ந்து ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் தள்ளியிருந்து கேட்கும் இயர்பட்ஸையும் ஒப்பிட்டால், தூரம் இரண்டு முறை இரட்டிப்பாகிறது. 12 டெசிபெல் போச்சு. இதை ஈடுகட்டத்தான் இயர்பட்ஸுக்குள் இரண்டு மூன்று மைக்கும் ஒரு சிப்பும் வைத்துப் போராடுகிறார்கள். அமைதியான அறையில் அந்தப் போராட்டம் ஜெயிக்கும். கோயம்பேடு பேருந்து நிலையத்தில் ஜெயிக்காது.

மைக் கம்பி உள்ள ஹெட்செட் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு, கம்பியை நெற்றிப் பக்கமோ கன்னத்துக்கு மேலோ தூக்கிவிட்டுப் பேசுவது. பல மாடல்களில் கம்பியைத் தூக்கினாலே மைக் மியூட் ஆகிவிடும் என்பது வேறு கதை. கம்பி உதட்டோரத்துக்குப் பக்கவாட்டில் இரண்டு விரல் இடைவெளியில் நிற்கட்டும். வாய்க்கு நேர் எதிரே வைத்தால் ‘ப’, ‘ப்ப’ வரும்போதெல்லாம் மூச்சுக்காற்று மைக்கில் இடித்து வெடிக்கும்.

நெக்பேண்ட் ஒரு தனி இனம். விலை மலிவு, கழுத்தில் கிடக்கும், தொலையாது. டெலிவரி வேலையில் இருப்பவர்கள் விரும்புவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பல நெக்பேண்டில் மைக், பட்டன் இருக்கும் இடத்தில், காறை எலும்பருகே இருக்கும். சட்டைக் காலரும் துப்பட்டாவும் உரசும் ஒலி அப்படியே போகும். பட்டன் பகுதியை உடைக்கு வெளியே எடுத்துவிட்டால் பாதி சரியாகும்.

“பின்னாடி ஒரே இரைச்சல்”

“ஏஎன்சி உள்ளதுதான் வாங்கினேன், இருந்தும் பஸ் சத்தம் கேட்குதாம்” என்று பலர் குழம்புவது இங்கேதான். ஏஎன்சி உங்கள் காதுக்கானது. பஸ் இரைச்சலை உங்களுக்குக் கேட்காமல் செய்யும், எதிராளிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எதிராளிக்கு இரைச்சலைக் குறைப்பது மைக்கில் நடக்கும் வேறு வேலை. நம் ஊர் இயர்பட்ஸ் பெட்டிகளில் அதை இஎன்சி என்று போடுகிறார்கள். இரண்டும் ஒரே பெட்டியில் பெரிய எழுத்தில் இருந்தாலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. சொல்லப்போனால் வெளியில் நல்ல ஏஎன்சி போட்டுப் பேசுவது சங்கடம்கூட: உங்களுக்குச் சூழல் அமைதியாகத் தெரிவதால் குரலைத் தாழ்த்திவிடுவீர்கள், எதிராளிக்கு இரைச்சல் இன்னும் ஓங்கிவிடும்.

இரைச்சலிலும் வகை இருக்கிறது. ஏசி, மிக்ஸி, ரயில் ஓடும் சத்தம் போல ஒரே சீராக வருவதைச் சிப்பால் எளிதாகக் கழிக்க முடியும். ஹார்ன், குக்கர் விசில், பக்கத்து மேசைக்காரர் பேச்சு, இவை கடினம். அடுத்தவர் பேச்சும் பேச்சுதானே, எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று மென்பொருளுக்குத் தெரிய வேண்டும். வாய்க்கருகே மைக் இருந்தால் ‘பலமாகக் கேட்பதுதான் முதலாளி’ என்று முடிவெடுத்துவிடும். பிபிஓ தளங்களில் நூறு பேர் அருகருகே உட்கார்ந்து பேசியும் வேலை நடப்பது இதனால்தான். அங்கே யாரும் இயர்பட்ஸ் போட்டுக்கொண்டு உட்காருவதில்லை.

காற்று இன்னொரு எதிரி. மெரினாவில் நின்று பேசினால் மட்டும் வருவது என்று நினைக்க வேண்டாம். வீட்டில் தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியும், முகத்துக்கு நேராக வைத்த டேபிள் ஃபேனும் போதும். மைக் துளையில் காற்று மோதிச் சுழலும்போது எழும் ‘புர்ர்’ ஒலி எதிராளிக்கு மட்டும் கேட்கும், உங்களுக்குக் கேட்காது. மைக் கம்பிக்குப் போடும் சின்ன ஸ்பாஞ்சு உறை மிகக் குறைந்த விலைதான். இயர்பட்ஸுக்கு அப்படி எதுவும் போட முடியாது. ஃபேனுக்கு முதுகைக் காட்டி உட்காருவதுதான் வழி.

சரி, இரைச்சல் போய்விட்டது, ஆனால் “குரல் வெட்டி வெட்டி வருது, தண்ணிக்குள்ள பேசுற மாதிரி இருக்கு” என்கிறார்களா? இரைச்சல் குறைப்பு ஒன்றின் மேல் ஒன்றாக ஓடுகிறது. ஹெட்செட் ஒருமுறை வடிகட்டுகிறது, லேப்டாப்பின் ஆடியோ டிரைவர் இன்னொரு முறை, டீம்ஸோ ஜூமோ மறுபடியும். கடைசியில் இரைச்சலோடு சேர்த்து வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் கழித்துவிடுகிறார்கள். தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வருகிறது. “நாளைக்கு அனுப்பு…” என்பதோடு வெட்டினால் அனுப்புவீர்களா மாட்டீர்களா என்றே தெரியாது. ஹெட்செட்டில் இருப்பதை விட்டுவிட்டு, செயலியில் இருப்பதை ‘லோ’வுக்கோ ‘ஆஃப்’புக்கோ மாற்றிப் பாருங்கள்.

ஐபோன்காரர்களுக்கு ஒரு குறுக்கு வழி: ஐஓஎஸ் 16.4 முதல் சாதாரண சிம் அழைப்பிலும் ‘வாய்ஸ் ஐசொலேஷன்’ வேலை செய்யும். அழைப்பின் நடுவே கன்ட்ரோல் சென்டரைத் திறந்து மைக் மோடில் மாற்றலாம்.

“பாட்டு அருமையா கேட்குது, மீட்டிங்ல சேர்ந்த உடனே பழைய ரேடியோ ஆயிடுது”

ஹெட்செட் கெட்டுவிட்டது என்று மாற்றச் சொல்லிக் கடைக்குப் போகிறவர்கள் உண்டு. எதுவும் கெடவில்லை. ப்ளூடூத் இப்படித்தான்.

பாட்டு கேட்க ப்ளூடூத் ஏ2டிபி என்ற முறையைப் பயன்படுத்துகிறது. அது ஒருவழிப் பாதை: நல்ல தரத்தில் ஸ்டீரியோ ஒலி வரும், மைக் கிடையாது. மைக் திறக்கப்பட்ட கணத்தில் ஹெட்செட் எச்எஃப்பி என்ற முறைக்குத் தாவும். அது இருவழி, ஆனால் குறுகல். அதன் பழைய வடிவில் குரலை நொடிக்கு 8,000 முறைதான் மாதிரி எடுப்பார்கள், அதாவது பழைய தொலைபேசித் தரம். 2011-ல் வந்த எச்எஃப்பி 1.6 இதை 16,000 ஆக்கியது, கடைகளில் ‘வைட்பேண்ட்’ அல்லது எச்.டி. வாய்ஸ் என்று சொல்வது இதைத்தான். எல்சி3 என்ற புதிய கோடெக்கில் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) 32,000 வரை போகலாம். ஆனால் போன் அல்லது லேப்டாப், ஹெட்செட் இரண்டும் ஏற்க வேண்டும். ஒன்று பழையது என்றால் இரண்டும் பழைய தரத்துக்கு இறங்கிவிடும். எல்சி3-ஐப் பயன்படுத்தும் புதிய ப்ளூடூத் ஒலிமுறைக்கு எல்ஈ ஆடியோ என்று பெயர். அதைப் பெட்டியில் பார்த்து அதிகப் பணம் கொடுக்கும் முன் உங்கள் போனில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

நீங்கள் அமைதியான அறையில் இருந்தால், மீட்டிங்கில் ஸ்பீக்கருக்கு ஹெட்செட்டையும் மைக்குக்கு லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். ஹெட்செட்டின் மைக்கைத் திறக்காததால் அது ஏ2டிபி-யிலேயே நிற்கும், உங்களுக்கு முழுத் தரம். மேக் லேப்டாப்பில் இந்தத் தந்திரம் கச்சிதமாக வேலை செய்யும். இரைச்சலான இடத்தில் இதைச் செய்யாதீர்கள், லேப்டாப் மைக் அறை முழுவதையும் கேட்கும்.

விண்டோஸ் 10-ல் ஒரே ஹெட்செட் இரண்டு பெயரில் தெரியும்: ஒன்றின் பின்னால் ‘ஸ்டீரியோ’, இன்னொன்றின் பின்னால் ‘ஹேண்ட்ஸ்-ஃப்ரீ’. ஸ்பீக்கருக்கு ஸ்டீரியோவையும் மைக்குக்கு ஹேண்ட்ஸ்-ஃப்ரீயையும் கொடுத்தால் நல்லது என்று தோன்றும். அப்படிச் செய்தால் மைக் திறந்ததும் ஸ்டீரியோ ஊமையாகிவிடும், “எனக்கு யாரும் பேசுறது கேட்கல” என்று நீங்கள் தட்டச்சு செய்துகொண்டிருப்பீர்கள். ஹெட்செட் மைக்தான் வேண்டும் என்றால் இரண்டுக்கும் ஹேண்ட்ஸ்-ஃப்ரீயே கொடுங்கள். விண்டோஸ் 11-ல் பெரும்பாலும் இரண்டும் ஒரே பெயருக்குள் வந்துவிட்டதால் இந்தக் குழப்பம் குறைவு.

நாள் முழுக்க மீட்டிங் என்றால், டாங்கிளோடு வரும் ஹெட்செட் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. யுஎஸ்பி துளையில் செருகும் அந்தச் சின்னத் துண்டை லேப்டாப் ப்ளூடூத்தாகவே பார்ப்பதில்லை, யுஎஸ்பி ஒலிக்கருவியாகத்தான் பார்க்கிறது. இதனால் இரண்டு நன்மை. ஹெட்செட்டில் இருக்கும் மியூட், எடுக்கும் பட்டன், வைக்கும் பட்டன் எல்லாம் செயலியோடு ஒத்துப்போகும். ஹெட்செட்டில் மியூட், திரையில் அன்மியூட் என்ற கூத்து இருக்காது. இரண்டாவது, ப்ளூடூத்தை முடக்கி வைத்திருக்கும் கம்பெனி லேப்டாப்பிலும் பெரும்பாலும் வேலை செய்யும். யுஎஸ்பியையே முடக்கியிருந்தால் ஐ.டி. பிரிவில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

“விட்டு விட்டு வருது”

நம் காதிலேயே விட்டு விட்டு வந்தால், ரேடியோ அலை வழியில் எங்கோ தடுமாறுகிறது. ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகிறது. அதே வரிசையில் பழைய வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் வயர்லெஸ் மவுஸும் குடியிருக்கின்றன. நொடிக்கு 1,600 முறை சேனல் மாறி மாறித் தப்பிக்கத்தான் பார்க்கிறது. இருந்தும் சில இடங்களில் தோற்கிறது.

*வெளியில் நடக்கும்போது மட்டும் என்றால்:* உங்கள் உடம்புதான் தடை. உடம்பில் பெரும்பங்கு தண்ணீர், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். வலது பின்பாக்கெட்டில் போன், இடது காதில் ஹெட்செட் என்றால் அலை உங்கள் உடம்பையே குறுக்கே கடக்க வேண்டும். அறைக்குள் சுவரில் பட்டுத் திரும்பும் அலை கைகொடுக்கும். திறந்த வெளியில் அதுவும் இல்லை. “வீட்டில் நல்லா இருந்துச்சு, ரோட்டுக்கு வந்தா போயிடுது” என்பதற்கு இதுவே காரணம். ஆண்களின் சட்டைப் பாக்கெட் பெரும்பாலும் இடப்பக்கம். போன் அங்கே இருந்தால் ஒற்றைக் காது ஹெட்செட்டை இடது காதில் மாட்டுங்கள். கைப்பையில் வைப்பவர்கள், எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்கு அந்தப் பக்கம் போனைப் போடாதீர்கள். வெளி ஜிப்பில் வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

*மேசையில் உட்கார்ந்திருக்கும்போது என்றால்:* யுஎஸ்பி 3 துளைகளைச் சந்தேகியுங்கள். யுஎஸ்பி 3 இணைப்பு ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கசியவிடும் என்பதை இன்டெல் நிறுவனமே 2012-ல் அறிக்கையாக எழுதி வெளியிட்டது. எக்ஸ்டர்னல் டிஸ்க்கோ, பல கருவிகளை ஒன்றாக இணைக்கும் டாக் பெட்டியோ செருகியிருக்கும் துளைக்குப் பக்கத்திலேயே டாங்கிளும் இருந்தால் கேட்கவே வேண்டாம். மலிவான யுஎஸ்பி 2 நீட்சிக் கம்பி ஒன்றை வாங்கி, டாங்கிளை லேப்டாப்பிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்துப் பாருங்கள். விலை உயர்ந்த ஹெட்செட்டைத் திருப்பி அனுப்பும் முன் செய்ய வேண்டிய முதல் காரியம் இது. கூடவே லேப்டாப்பின் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

*டீ எடுக்கப் போனால் அறுந்துபோகிறது என்றால்:* போனோடும் லேப்டாப்போடும் நேராகப் பேசும் ப்ளூடூத் பெரும்பாலும் 10 மீட்டர் கணக்குக்குத்தான். இடையில் செங்கல் சுவர் வந்தால் அதுவும் இல்லை. நடந்துகொண்டே பேச வேண்டிய வேலை என்றால் அதிகத் தூரம் எட்டும் கிளாஸ் 1 டாங்கிள் உள்ள ஹெட்செட் பாருங்கள். வெளிநாட்டு அலுவலகங்களில், கம்பியில்லா லேண்ட்லைன் போனின் அலைமுறையில் ஓடும் டெக்ட் வகை ஹெட்செட்டும் உண்டு, தூரம் இன்னும் அதிகம். ஆனால் அதன் அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறும்: அமெரிக்காவில் 1920–1930 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 1880–1900. சிகாகோவில் இருக்கும் மச்சினர் வாங்கி அனுப்புகிறேன் என்றால் டெக்ட் வேண்டாம், ப்ளூடூத்தே அனுப்புங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

“போன் அடிக்குது, சத்தம் மட்டும் வேற எங்கேயோ போகுது”

இரண்டு கருவிகளோடு ஒரே நேரத்தில் இணைந்திருக்கும் வசதிக்கு மல்டிபாயின்ட் என்று பெயர். வேலைக்கு வாங்கும் ஹெட்செட்டில் இது இல்லாமல் வாங்கவே கூடாது என்பது என் கருத்து. ஆனால் பெரும்பாலானவற்றில் இரண்டுதான். மூன்றாவதாக டேப்லெட்டோ வீட்டு டிவியோ நுழைந்தால், ஏற்கெனவே உள்ள ஒன்று வெளியே தள்ளப்படும். இனி பயன்படுத்தாத பழைய கருவிகளிலெல்லாம் போய் அந்த ஹெட்செட்டை ‘ஃபர்கெட்’ செய்யுங்கள். பிறகும் தகராறு என்றால் ஹெட்செட்டின் ஜோடிப் பட்டியலை முழுதாக அழித்து, போனையும் லேப்டாப்பையும் மட்டும் மறுபடி சேருங்கள்.

சேர்ந்திருக்கிறது, பாட்டும் வருகிறது, அழைப்பு மட்டும் போனிலேயே நிற்கிறதா? ஆண்ட்ராய்டில் ப்ளூடூத் பட்டியலில் அந்த ஹெட்செட்டின் பக்கத்திலுள்ள பல்சக்கரத்தைத் தொட்டால் ‘ஃபோன் கால்ஸ்’, ‘மீடியா ஆடியோ’ என்று தனித்தனிச் சுவிட்சு இருக்கும். முதலாவது அணைந்திருக்கும். ஐபோனில் ஆக்சசிபிலிட்டிக்குள் டச் பகுதியில் ‘கால் ஆடியோ ரவுட்டிங்’கைப் பாருங்கள்.

இதே சுவிட்சில் ஒரு நல்ல உபயோகமும் இருக்கிறது. லேப்டாப்பில் மீட்டிங் ஓடும்போது, போனில் வரும் வாட்ஸ்அப் ‘டிங்’கும், குடும்பக் குழுவில் யாரோ அனுப்பிய வீடியோவும் ஹெட்செட்டைப் பிடுங்கிக்கொள்கின்றன அல்லவா? போனில் அந்த ஹெட்செட்டுக்கு மீடியா ஆடியோவை அணைத்து, ஃபோன் கால்ஸை மட்டும் விட்டுவையுங்கள். அழைப்பு வந்தால் ஹெட்செட்டில் வரும், மற்ற சத்தமெல்லாம் போனோடு நின்றுவிடும். பாட்டு கேட்க வேறு இயர்போன் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

“நான் பேசுறது எனக்கே திரும்ப கேட்குது”

எதிராளி இப்படிச் சொன்னால் காரணம் உங்கள் பக்கம். ஹெட்செட்டின் ஒலி அளவு அதிகமாகி மைக்கில் கசிகிறது, அல்லது ஒரே மீட்டிங்கில் போனும் லேப்டாப்பும் சேர்ந்திருக்கின்றன. ஒலியைக் குறையுங்கள், ஒன்றிலிருந்து வெளியேறுங்கள். நீங்களே உங்கள் குரலைத் தாமதமாகக் கேட்டால் காரணம் எதிராளி பக்கம். அவரிடம் ஸ்பீக்கர்போனை அணைக்கச் சொல்லுங்கள்.

“ஏன் கத்திப் பேசுறீங்க?”

காதை இறுக அடைக்கும் ரப்பர் முனை மாட்டினால் நம் குரல் மண்டைக்குள்ளேயே முழங்கும், வெளியே எவ்வளவு பலமாகப் பேசுகிறோம் என்று தெரியாது. சிலர் குரலை உயர்த்துகிறார்கள், மாலையில் தொண்டை கட்டுகிறது. அலுவலக ஹெட்செட்டுகளில் சைடுடோன் என்று ஒரு வசதி உண்டு; நம் குரலையே சிறிதளவு நம் காதில் போட்டுக்காட்டும். ஜாப்ரா, பாலி போன்றவற்றின் செயலியில் கூட்டிக் குறைக்கலாம். மலிவான இயர்பட்ஸில் பெரும்பாலும் இருக்காது. அங்கே ‘டிரான்ஸ்பரன்சி’ அல்லது ‘ஆம்பியன்ட்’ மோடை இயக்கினால் ஓரளவு அதே பலன் கிடைக்கும்.

காது வலி, காதுக்குள் அரிப்பு, வியர்வை என்று வருபவர்களுக்கு ஒற்றைக் காது ஹெட்செட்டோ எலும்பு வழி ஒலி கடத்தும் வகையோ ஒத்துவரும். ஷாக்ஸ் நிறுவனத்தின் ஓபன்காம் மாடலில் காது திறந்தே இருக்கும், வாயருகே மைக் கம்பியும் உண்டு, பேசும் நேரம் 16 மணி என்கிறார்கள். குறை என்ன என்றால், ஓடும் பேருந்தில் எதிராளி பேசுவது உங்களுக்கு அமுங்கிக் கேட்கும். வீடு, மருத்துவமனை, கடைக் கல்லா போன்ற இடங்களுக்குச் சரி.

“நாற்பது மணி நேரம்னு போட்டிருந்தான், மத்தியானமே செத்துடுச்சு”

பெட்டியில் பெரிதாகப் போடுவது பாட்டு கேட்கும் நேரம், அதுவும் சார்ஜ் டப்பாவில் இருப்பதையும் சேர்த்து. பேசும் நேரம் வேறு, இயர்பட்ஸில் பெரும்பாலும் குறைவு. ஏர்பாட்ஸ் ப்ரோ இரண்டாம் தலைமுறையில் ஆப்பிள் சொல்வதே பாட்டுக்கு 6 மணி, பேச்சுக்கு 4.5 மணி. வாங்கும்போது ‘டாக் டைம்’ என்ற வரியை மட்டும் தேடுங்கள். அந்த வரியே இல்லை என்றால் அது பாட்டுக்குச் செய்த பொருள்.

ஒரு பக்க இயர்பட் மட்டும் சீக்கிரம் தீர்கிறது என்றால், டப்பாவில் அதன் உலோக முனை அழுக்காகிச் சார்ஜ் ஏறாமல் இருக்கலாம். உலர்ந்த பஞ்சால் துடையுங்கள். சத்தம் ஒரு பக்கம் குறைந்தாலும் முதலில் வலையில் அடைந்த குறும்பியைப் பாருங்கள். அப்புறம், சித்திரை வெயிலில் காரின் டாஷ்போர்டில் ஹெட்செட்டை விட்டுப் போகாதீர்கள். லித்தியம் பேட்டரிக்கு வெயில்தான் எமன்.

இதெல்லாம் செய்தும் தீரவில்லை, புதிதுதான் என்றால்

மேசையிலேயே வேலை, நாள் முழுக்க அழைப்பு என்றால், மைக் கம்பியும் டாங்கிளும் உள்ள தலையில் மாட்டும் ஹெட்செட். ஸ்டைலாக இருக்காது, எதிராளிக்குத் தெளிவாகக் கேட்கும். ஒரே மாடல் யுசி (எல்லா மீட்டிங் செயலிகளுக்கும் பொதுவானது), எம்எஸ் (மைக்ரோசாஃப்ட் டீம்ஸுக்கானது) என்று இரண்டு வடிவில் வரும். எம்எஸ் என்பதில் டீம்ஸைத் திறக்கும் பட்டன் இருக்கும், அவ்வளவுதான். டாங்கிள் பெட்டிக்குள் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், டாங்கிள் இல்லாத பொதியும் கிட்டத்தட்ட அதே பெயரில் விற்கும்.

ஃபீல்டில் அலையும் வேலை, மெடிக்கல் ரெப், சைட் இன்ஜினியர், ரியல் எஸ்டேட் என்றால் சிறு மைக் கம்பியுள்ள ஒற்றைக் காது ஹெட்செட். வாயேஜர் 5200 போன்றவை இந்த இனம்: நான்கு மைக், 20 கிராம், 7 மணி நேரப் பேச்சு. இதே பொருள் கடைகளில் பிளான்ட்ரானிக்ஸ், பாலி, எச்பி என்று வெவ்வேறு பெயரில் கிடைக்கும். பிளான்ட்ரானிக்ஸ்தான் 2019-ல் பாலி ஆனது, 2022-ல் எச்பி வாங்கியது. ஜாப்ராவின் டாக் வரிசையைத் தேடுபவர்களுக்கு: அதையும் எலைட் இயர்பட்ஸையும் படிப்படியாக நிறுத்துவதாக 2024 ஜூனில் அறிவித்துவிட்டார்கள். கடையில் கிடப்பது பழைய சரக்காக இருக்கலாம், தயாரித்த மாதத்தைப் பாருங்கள். சார்ஜ் துளை மைக்ரோ யுஎஸ்பியா, டைப்-சியா என்பதையும் பாருங்கள். ஒரு ஹெட்செட்டுக்காகப் பழைய கம்பியைப் பையில் சுமப்பது எரிச்சல்.

பைக்கில் போய்க்கொண்டே பேசுவதற்கு எது நல்லது என்று கேட்டால், எதுவும் இல்லை. காற்றும் ஹெல்மெட் உரசலும் எந்த மைக்கையும் வீழ்த்தும், கவனம் சிதறுவது தனி ஆபத்து. போனைக் கையில் பிடித்து ஓட்டுவதை 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. கை காலியாக இருந்தால் கவனம் தானாக வந்துவிடாது. ஓரமாக நிறுத்திவிட்டுத் திருப்பிக் கூப்பிடுங்கள்.

பிரபல பெயர்களில் போலிகள் ஏராளம். இந்தியாவில் விற்கும் வயர்லெஸ் இயர்போன், ஹெட்போனுக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம். பெட்டியிலோ பொருளிலோ ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். அதை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்தால் எந்தத் தயாரிப்பாளருடையது என்று காட்டும். பெயர் பொருந்தவில்லை என்றால் வாங்காதீர்கள்.

வாங்கிய முதல் வாரத்திலேயே, நீங்கள் பேசும் இடங்களில் மிக மோசமானது எதுவோ அங்கே போய், முதலில் சொன்ன சோதனையைச் செய்துவிடுங்கள். காதுக்குள் போகும் பொருள் என்பதால் பல விற்பனைத் தளங்களில் பணம் திரும்பாது, பழுதிருந்தால் மாற்றித் தருவதோடு சரி. “எதிராளிக்குச் சரியாகக் கேட்கவில்லை” என்பதைப் பழுதாக ஏற்க மாட்டார்கள். திருப்பி எடுக்கும் நிபந்தனையைப் பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்.